சுரங்க இரைச்சலுக்கு நடுவே பாட்டு: சின்ன ஹெட்போன், சின்ன பட்ஜெட், முழு வழிகாட்டி

வடசென்னை டோல்கேட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் கொஞ்ச தூரம் ரயில் மேலேதான் போகும். ஏசி சத்தம் தவிர பெரிதாக ஒன்றும் இருக்காது, காதில் பாட்டு தெளிவாகக் கேட்கும். புது வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியதும் கும்மென்று ஓர் இரைச்சல் பெட்டி முழுக்க நிறைந்துவிடும். அந்த நேரத்தில் சுற்றிப் பாருங்கள், காதில் எதையாவது மாட்டியிருக்கிறவர்களின் கட்டைவிரல் வால்யூம் பட்டனுக்குப் போகும். அப்படி ஏற்றின வால்யூமை இறங்கும்போது குறைக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் தாய்மாமா முப்பது வருஷத்துக்கு மேல் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். இப்போது அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும், அவர் வீட்டு டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் வரும். அவருக்குப் பட்டறையில் வேறு வழி இருக்கவில்லை. நாம் காசு கொடுத்து வாங்கி, நாமே காதில் மாட்டிக்கொள்கிற ஒரு பொருளால் அந்த நிலைமை வரக்கூடாது என்பதுதான் இதை எழுத உட்கார்ந்த காரணம். அதனால் வடசென்னைக்காரர் ஹெட்போன் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சத்தம் எவ்வளவு உள்ளே வருகிறது? அது குறைந்தால் வால்யூம் குறையும். வால்யூம் குறைந்தால் ஆயிரம் ரூபாய் ஹெட்போன்கூட நன்றாகவே பாடும்.

(நம் பக்கம் எல்லாவற்றுக்கும் 'ஹெட்செட்' என்றுதான் பெயர். தலையில் மாட்டுவதை ஹெட்போன் என்றும், காதுக்குள் நுழைப்பதை இயர்போன் என்றும் இங்கே பிரித்துச் சொல்கிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.)

படி 1: உங்கள் பயண வழியை எழுதுங்கள்

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாருங்கள். எங்கே கேட்கப் போகிறீர்கள், எவ்வளவு நேரம், கையில் என்ன பை இருக்கும்?

கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் போகிறவர் என்றால் ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், காற்றும் தண்டவாளச் சத்தமும் சேர்ந்து அடிக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் பஸ்ஸில் போகிறவருக்கு கன்டெய்னர் லாரிகளின் ஹாரன்தான் பிரச்சினை. மெட்ரோவில் போகிறவருக்கு சுரங்கத்தின் தாழ்ந்த இரைச்சல். வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி உட்கார்ந்து கேட்கிறவருக்கு இது எதுவும் இல்லை. இந்த நாலு பேருக்கும் ஒரே ஹெட்போனைச் சிபாரிசு செய்கிறவரை நம்பாதீர்கள்.

நேரத்தையும் கட்டாயம் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலுக்கு ஏற்றினால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, அதனால் நேரம் பத்தில் ஒன்றாகிறது. போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று வையுங்கள், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். 90 டெசிபலில் கேட்டால் திங்கள்கிழமை தொடங்கின அந்த வாரக் கணக்கு புதன்கிழமை வீடு திரும்பும்போதே தீர்ந்துவிடுகிறது. மீதி நாட்கள் எல்லாம் காதுக்குக் கடன்.

படி 2: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலையில் மாட்டும் எடை குறைந்த ஹெட்போன் பரவலானதே 1979இல் சோனி வாக்மேன் வந்த பிறகுதான். மெல்லிய இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் பஞ்சு, அவ்வளவுதான். அதே வழியில் 1984இல் காஸ் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டா புரோ இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது, மடக்கினால் கைக்குள் அடங்கிவிடும், அந்தச் சின்ன உருவத்துக்கு அது பாடும் பாட்டு உண்மையிலேயே அழகு. அதன் தம்பி மாதிரி, காதில் கொக்கியாக மாட்டும் கேஎஸ்சி75 இன்னும் மலிவு. ஆனால் இரண்டுமே திறந்த வகை. பஞ்சு வழியாக வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்து சீட்காரருக்கும் கேட்கும். மாடிக்கும் வீட்டுக்கும் இதை மனசாரச் சொல்வேன். பஸ்ஸுக்கு வேண்டவே வேண்டாம், வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

அடுத்தது மூடின வகை, காது மேலே உட்காரும் மடக்கு ஹெட்போன். சோனியின் இசட்எக்ஸ்110 இதற்கு நல்ல உதாரணம், வயர் உள்ளது, கப்புகள் திரும்பித் தட்டையாகிவிடும், லேப்டாப் பையில் புத்தகம் மாதிரி செருகலாம். வெளிச்சத்தத்தை ஓரளவு தடுக்கும், முழுசாக இல்லை. இந்த வகையில் யாரும் கடையில் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. கப்பு காது மடல் மேலேயே அழுத்துவதால், கண்ணாடி போட்டிருப்பவருக்கு அரை மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் வலி வரும், தோடு போட்டிருப்பவருக்குத் திருகாணி குத்தும். என் அக்கா ஆசையாக வாங்கின ஒன்றை இரண்டாம் நாளே எனக்குக் கொடுத்துவிட்டார், காரணம் இதுதான். சித்திரை வைகாசியில் கப்புக்குள் வியர்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காதுத் துவாரத்துக்குள் ரப்பரோடு நுழையும் இயர்போன்தான், என் கணக்கில், வடசென்னைப் பயணத்துக்குச் சரியான பதில். காரணம் எளிது. ரப்பர் துவாரத்தைச் சரியாக அடைத்தால் அதுவே ஒரு கதவு. பேட்டரி வேண்டாம், சிப் வேண்டாம், பேச்சுச் சத்தமும் ஹாரனும் நன்றாகவே குறைந்துவிடும். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. கேஇசட், மூன்டிராப் மாதிரி சீன நிறுவனங்கள் வந்த பிறகு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் இயர்போன்களின் தரம் ரொம்பவே ஏறிவிட்டது, முன்பு பல மடங்கு விலை கொடுத்தால்தான் கிடைத்த தெளிவு இப்போது அந்த விலைக்கே வருகிறது. பலவற்றில் வயரைக் கழற்றி மாட்டலாம் என்பது இன்னொரு பெரிய லாபம், வயர் போனால் வயர் மட்டும் வாங்கினால் போதும்.

ரப்பர் இல்லாமல் காதில் சும்மா உட்காரும் பிளாஸ்டிக் வகை இருக்கிறதே, ஃபோனோடு முன்பெல்லாம் இலவசமாக வந்தது, அது இரைச்சலை நிறுத்தவே நிறுத்தாது. பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வயரா, ப்ளூடூத்தா?

முதலில் உங்கள் ஃபோனைத் திருப்பிப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஓட்டை இருந்தால் வேலை சுலபம், அதே காசுக்கு வயர் உள்ளதில் பொதுவாகக் கூடுதல் ஒலித்தரம் கிடைக்கும், ஏனென்றால் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் சிப்புக்கும் போகிற காசு அதில் முழுக்க ஒலிக்கே போகிறது. சார்ஜ் போட மறந்தோமா என்ற கவலையும் இல்லை. இன்னொன்று, ஃபோனில் எஃப்எம் ரேடியோ இருந்தால் ஹெட்போன் வயர்தான் அதற்கு ஏரியல். 101.4இல் ரெயின்போ கேட்கும் பழக்கம் உள்ள அப்பாவுக்கு வயர்லெஸ் வாங்கிக் கொடுத்தால் ரேடியோ பாடாது.

ஓட்டை இல்லை என்றால் டைப்-சி டாங்கிள், அதாவது சார்ஜ் ஓட்டையில் செருகி ஹெட்போன் ஜாக்காக மாற்றும் சின்ன இணைப்பு, வாங்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் டாங்கிள் இரண்டு வகை. ஒன்றில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டிஏசி சிப் உள்ளேயே இருக்கும், இன்னொன்று வெறும் வயர் இணைப்பு. வெறும் இணைப்பு வகை சில ஃபோன்களில் மட்டுமே வேலை செய்யும், மற்றதில் சத்தமே வராது. ரொம்ப மலிவாக விற்கிறவை பெரும்பாலும் அந்த வகைதான். சிப் உள்ளதா என்று கேட்டு, கடையிலேயே உங்கள் ஃபோனில் செருகி, பாட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வயரே வேண்டாம் என்பவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. காதில் தனித்தனியாக உட்காரும் இயர்பட்ஸ் பார்க்க அழகு, ஆனால் பீச் ஸ்டேஷனில் கூட்டத்தோடு இறங்கும்போது ஒன்று கீழே விழுந்தால் கதை முடிந்தது. அதன் பேட்டரி பொடிசு, இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும், மாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். கழுத்தில் தொங்கும் நெக்பேண்டை இப்போது பழசு என்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விழாது, பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், விலை குறைவு, கூட்ட நெரிசலில் போகிறவருக்கு இயர்பட்ஸைவிட இதுதான் தோது. மூன்றாவது, மடக்கு ஹெட்போன். சோனி டபிள்யூஎச்-சிஎச்520 50 மணி நேரமும், ஜேபிஎல் ட்யூன் 510 40 மணி நேரமும் ஓடும் என்று கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும்.

கோடெக் (ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களைப் பார்த்து மயங்காதீர்கள். எல்டேக், ஆப்டெக்ஸ் எல்லாம் ஃபோனிலும் இருந்தால்தான் பலன், ஐஃபோனில் இரண்டுமே கிடையாது, ஏஏசிதான். ஓடுகிற ரயிலில் அந்த வித்தியாசம் இரைச்சலில் மூழ்கிவிடும். கேம் விளையாடுகிறவர் மட்டும் கவனிக்க வேண்டும், ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும்.

ஏஎன்சி என்று போட்டிருப்பதைப் பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள். மைக் வழியாக வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு எதிர் அலையை உண்டாக்கி அழிக்கிற வித்தை அது. விடாமல் ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலில், அதாவது சுரங்கத்திலும் ஏசியிலும், நன்றாக வேலை செய்யும். திடீரென்று வரும் ஹாரனையும் பேச்சையும் அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும் ஏஎன்சியில் காதை அடைக்கும் ரப்பர் செய்யும் வேலைதான் பெரும்பங்கு என்பது என் அனுபவம்.

படி 4: பெட்டியில் அச்சடித்த எண்கள்

சீக்கிரம் முடித்துவிடலாம். இம்பிடன்ஸ், அதாவது மின்தடை, 16 முதல் 32 ஓம் இருந்தால் ஃபோனுக்குச் சரி. சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு, 100 டெசிபலுக்குப் பக்கமோ மேலோ இருந்தால் போதுமான சத்தம் வரும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், போர்ட்டா புரோ 60 ஓம்தான், ஆனால் சென்சிட்டிவிட்டி நன்றாக இருப்பதால் ஃபோனிலேயே தாராளமாகப் பாடும். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது மனிதக் காதின் எல்லை, ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அதையே போடுகிறார்கள், தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) பெரிதாக இருந்தால் நல்ல ஒலி என்பதும் அப்படித்தான். ப்ளூடூத் வாங்குகிறவர் ஐபிஎக்ஸ்4 என்று இருக்கிறதா பாருங்கள், வியர்வைக்கும் தூறலுக்கும் தாங்கும்.

படி 5: காசு

ஐநூறுக்குள் என்றால் பெயர் தெரிந்த நிறுவனத்தின் வயர் இயர்போன் ஒன்று, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இந்த விலையில் ப்ளூடூத் வேண்டாம். ஆயிரத்துக்கு முன்பின் மடக்கு வயர் ஹெட்போனும் ஆரம்ப நிலை சீன இயர்போனும் கிடைக்கும். ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரையிலான இடம்தான் என்னைக் கேட்டால் காசுக்கு முழு மதிப்பு, கழற்றும் வயர் உள்ள இயர்போனை இங்கேதான் தேட வேண்டும். ப்ளூடூத் மடக்கு ஹெட்போனில் நல்லது வேண்டுமென்றால் மூவாயிரம், நாலாயிரம் என்று போகும். அதற்கு மேல் போனால் இந்தப் பயணத்துக்கு அது தேவையில்லை, தொலைந்தாலும் வயிறு எரியும்.

படி 6: கடைக்குப் போவது

நமக்கு அதிர்ஷ்டம், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கத்தில்தான். மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தால் வந்துவிடும். பர்மா பஜார் பீச் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது, பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக உருவான கடைத்தெரு, இன்றைக்கும் மின்சாமான் தேடுகிறவர்கள் போகும் இடம். இரண்டு இடத்திலும் நல்ல சரக்கும் உண்டு, 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லும் நகலும் உண்டு. நகல் என்று சொல்லியே விற்கிறவரிடம் பிரச்சினை இல்லை, சொல்லாமல் விற்கிறவரிடம்தான்.

எனக்கு நடந்தது அதுதான். ஒரு கடையில் பிரபல நிறுவனத்தின் மடக்கு ஹெட்போனை 'ஆஃபர்' என்று பாதி விலைக்கு வாங்கினேன். ஒரு மாதத்தில் இடது பக்கம் ஊமையாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு, இது எங்கள் சரக்கே இல்லை தம்பி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பில்லும் வாங்கியிருக்கவில்லை. அதனால் ஜிஎஸ்டி பில் கொடுக்கிற கடையில் மட்டும் வாங்குங்கள், சீரியல் நம்பரை அங்கேயே நின்று நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்க முடிந்தால் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் விதியை முதலில் படியுங்கள். காதில் நுழையும் பொருள் என்பதால் பல சமயம் வேறு பீஸ் மட்டும்தான் தருவார்கள், காசு திரும்ப வராது.

கடையில் இயர்போனைப் போட்டுப் பார்க்க விட்டால், உங்கள் சொந்த ரப்பர் டிப் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். ஊரார் காதில் போன ரப்பரை நம் காதில் வைக்கக் கூடாது.

படி 7: காதில் போட்டுக் கேட்பது

மறுபடியும் சொல்கிறேன், ரப்பர்தான் பாதி ஒலி. பெட்டியில் மூன்று அளவு வரும். நடு அளவைப் போட்டுவிட்டு மற்றதைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் பிறகு 'பேஸே (தாழ்ந்த, கனமான ஒலி) இல்லை' என்று குறை சொல்கிறார்கள். ஒரு பாட்டை ஓடவிட்டு இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால் ரப்பர் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம், பெரிய அளவுக்கு மாறுங்கள். இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படலாம், எனக்கு இடதுக்கு நடு, வலதுக்குப் பெரிது. போடும்போது மறுகையால் காது மடலை மேலே கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் சுலபமாக உள்ளே போகும். வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் விட்டால், சட்டையில் வயர் உரசி வரும் கரகரப்பு நின்றுவிடும்.

என்ன பாட்டு போட்டுக் கேட்பது? நூறு தடவை கேட்டு மனப்பாடமான பாட்டு. கானா ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், டோலக்கின் அடி வயிற்றில் விழ வேண்டும், அதே நேரம் பாடுகிறவர் மூச்சு வாங்குவதும் பின்னால் கைதட்டுகிறவர்களும் தனியாகக் கேட்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே 'தும்தும்' ஆகிவிட்டால் அந்த ஹெட்போனில் பேஸ் மற்றதை விழுங்குகிறது. அப்புறம் நாதஸ்வரமும் தவிலும். தவிலில் வலது பக்கம் விரலில் கூடு போட்டு அடிக்கிறார்கள், இடது பக்கம் கட்டையால். கூரான ஒலியும் கனமான ஒலியும் இரண்டாகப் பிரிந்து விழ வேண்டும். நாதஸ்வரம் மேலே ஏறும்போது காதைக் குத்தினால் அந்தச் செட்டை வைத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் கேட்க முடியாது. கடைசியாக எண்பதுகளின் சினிமாப் பாட்டு எதையாவது, பின்னால் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் முணுமுணுத்துப் பின்தொடர முடிகிறதா பாருங்கள்.

கடைக்குள் நன்றாக இருந்ததை அதோடு முடித்துவிடாதீர்கள். கடையில் விட்டால் வாசலுக்கு வந்து, தெருச் சத்தத்தில், வால்யூம் பாதிக்கு மேல் போகாமல் பாட்டின் வரி புரிகிறதா பாருங்கள். புரியவில்லை என்றால் வேறு எடுங்கள்.

படி 8: போடக் கூடாத இடங்கள்

இவ்வளவு நேரம் வெளிச்சத்தத்தைத் தடுக்கச் சொன்ன நானே இதைச் சொல்லியாக வேண்டும். கொருக்குப்பேட்டை கேட்டிலோ வேறு எங்கேயோ தண்டவாளம் பக்கம் போகும்போது இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிடுங்கள். நல்ல இயர்போன் என்றால் ரயில் ஹாரன் தாமதமாகத்தான் உங்களுக்குத் தெரியும், தாமதம் என்பது அங்கே உயிர். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் நடக்கும்போதும், பைக்கிலும் சைக்கிளிலும் போகும்போதும் அப்படித்தான். பையில் போட ஐந்து நொடிகூட ஆகாது.

படி 9: வாங்கின பிறகு

நம் ஊரில் வியர்வையும் கடல் காற்றின் உப்பும் ஜாக்கின் முனையையும் சார்ஜ் பின்னையும் கருக்க வைக்கும். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, வாரம் ஒரு முறை ரப்பரை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே பழுது என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் வலையில் காதழுக்கு அடைத்திருக்கும், வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த பல் தேய்க்கும் பிரஷால் தட்டினாலே சரியாகும். மடக்கு ஹெட்போனின் செயற்கைத் தோல் மெத்தை இந்தப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு வருஷத்தில் உரிய ஆரம்பிக்கும், மெத்தை மட்டும் தனியாகக் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்கியிருந்தால் அப்போது கவலையில்லை.

வயரை ஃபோனைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். நாலு விரலில் தளர்வாகச் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள், பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு அருமையாகப் பொருந்தும். வயர் போவது ஏறக்குறைய எப்போதும் ஜாக்குக்குப் பக்கத்தில்தான். ஜாக்கை அசைத்தால் சத்தம் வந்து வந்து போகிறதென்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, ஹெட்போன் சாகவில்லை. எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் கொடுத்தால் அந்த இடத்தை வெட்டிப் புது ஜாக் வைத்து சால்டர் பண்ணித் தருவார்கள். நான் இப்போது காதில் போட்டிருப்பது அப்படி இரண்டு தடவை ஜாக் மாற்றின இயர்போன்தான்.